இயல்பான ஒலிக்குறிப்பு: செவித்திறன் குறையும் லாரி ஓட்டுநர் தொழிலும் – கோம்பை, கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காது கேளாமை லாரி ஓட்டும் தொழிலுக்குரிய தகுதியின்மையாக இந்தியச் சட்டத்தில் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம்பெற்ற ‘இயல்பான ஒலிக்குறிப்புகளைக் கேட்க இயலாத அளவு காது கேளாமை’ என்னும் தொடர், 1989ஆம் ஆண்டின் விதிகள் வழியாக இன்றுவரை தொடர்கிறது. 2011ஆம் ஆண்டின் தில்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பு சொந்த வாகனத்தைப் பொறுத்தவரை அத்தடையைத் தளர்த்தியது. பிழைப்புக்குரிய கனரக வாகனத்தைப் பொறுத்தவரை தடை அசையவில்லை. மலைப்பாதைச் சரக்குப் போக்குவரத்தை நம்பி வாழும் கோம்பை, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியைக் களமாகக் கொண்டு, இவ்வேறுபாடு வரலாற்றின் எச்சமா, பாதுகாப்பின் தேவையா என்னும் வினாவைக் கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கோம்பை, கம்பம் பள்ளத்தாக்கு, லாரி ஓட்டுநர், செவித்திறன் குறை, மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநர் உரிமம், ஊனமுற்றோர் உரிமை.

முன்னுரை

தமிழகத் தொழிலாளர் வரலாற்றில் ஆலைத் தொழிலாளர்க்கும் தோட்டத் தொழிலாளர்க்கும் கிடைத்த இடம் லாரி ஓட்டுநர்க்குக் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் நிலைத்திராத தொழில் என்பதும், ஓரிரு லாரிகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களிடம் சிதறிக் கிடக்கும் தொழில் என்பதும் இதற்குக் காரணங்களாகலாம். ஊனமுற்றோர் வரலாறு இதைவிடவும் அண்மையில் தோன்றிய ஆய்வுத்துறை. இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடத்தில் ஓர் எளிய வினா நிற்கிறது. காது கேளாத ஒருவர் லாரி ஓட்டிப் பிழைக்கலாமா?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர். அவர்களுள் செவித்திறன் குறையுடையோர் ஏறத்தாழ 50.7 லட்சம். பார்வையும் கைகால் வலுவும் குன்றாத இவர்களுள் பலர்க்கு ஓட்டுநர் தொழில் இயல்பாகவே கைக்கெட்டும் தொழிலாக இருந்திருக்க வேண்டும். அவ்வாறு அமையாமல் போனதற்கான காரணத்தை உடலில் தேடுவதா, சட்டத்தில் தேடுவதா என்பதே இக்கட்டுரையின் மையச் சிக்கல்.

கோம்பையும் சரக்குப் பாதைகளும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூராட்சி கோம்பை. உத்தமபாளையத்திலிருந்து கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் சாலை, மலையை ஒட்டியே நீள்கிறது. 1895இல் பெரியாறு அணை நீர் பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்ட பின் இங்கு நெல் வேளாண்மை வலுப்பெற்றது. வாழை, தென்னை, திராட்சை, காய்கறி ஆகியன பிற்காலத்தில் சந்தைப் பயிர்களாக நிலைபெற்றன. மலைமேல் ஏலத்தோட்டங்கள், கீழே விளைநிலங்கள். இரண்டையும் இணைப்பது போக்குவரத்து.

இப்பகுதியின் போக்குவரத்து வரலாறு படிப்படியாக மாறி வந்துள்ளது. தலைச்சுமையும் பொதிமாடும் மலையேறிய காலம் ஒன்று. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதையில் குரங்கணிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்த காலம் அடுத்தது. 1928இல் மதுரை – போடி இரயில் பாதை திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010ஆம் ஆண்டின் இறுதியில் அப்பாதை மூடப்பட்டு, 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் மீண்டும் இரயில் ஓடியது. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பள்ளத்தாக்கின் சரக்கு முழுவதும் சாலையையே நம்பியிருந்தது. இன்றும் விளைபொருள் வெளியேறும் வழிகள் சாலைகளே. குமுளி வழியாகக் கோட்டயம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 183, போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85, இடையே கம்பம்மெட்டுச் சாலை ஆகியவை மலையைக் கடக்கும் முதன்மையான மோட்டார் பாதைகள்.

இத்தகைய நிலவியலில் ஓட்டுநர் தொழில் வெறும் வேலைவாய்ப்பாக நிற்பதில்லை. நிலமற்ற குடும்பத்து இளைஞர்க்கு அது கூலி வேலையிலிருந்து மேலேறும் படி. கிளீனராகச் சேர்ந்து, வண்டியின் பழுது பார்க்கக் கற்று, ஓட்டிப் பழகி, உரிமம் பெற்று, பின்னர் தவணைக்கு ஒரு வண்டி வாங்குவது என்பது ஊரறிந்த ஏணி. ஆகவே உரிமத்தை மறுக்கும் சட்டவிதி ஒன்று, இப்பகுதியைப் பொறுத்தவரை, ஏணியின் நடுப்படியையே உருவுகிறது.

தமிழ் மரபில் செவி

சட்டத்தின் மொழியைப் பார்க்குமுன் மரபின் நோக்கைச் சுருக்கமாகக் காண்பது பொருந்தும். புறநானூற்றின் 28ஆம் பாடல் மக்கட்பிறப்பின் குறைபாடுகளாக எண்ணும் எட்டனுள் செவிடும் ஒன்று. திருக்குறள் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்துச் செவியை அறிவின் வாயிலாகக் கொண்டது. ஆயினும் கேள்வியறிவால் துளைக்கப்படாத செவியைக் கேளாச் செவி என்று மதிப்பதன் வழியாக, உடற்குறைக்கும் அறிவுக்குறைக்கும் உள்ள வேறுபாட்டையும் அந்நூல் உணர்த்துகிறது. வழக்கிலோ இவ்வேறுபாடு மங்கியது. காது கேளாதவரை அறிவற்றவராகக் கருதும் பழக்கம் பேச்சு வழக்கின் வசைகளில் இன்றும் தங்கியிருக்கிறது.

நவீன காலத்தில் 1890களில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய பள்ளி, தமிழகத்தில் காது கேளாதோர் கல்விக்கு அடித்தளமிட்டது. காது கேளாதோர்க்கான பள்ளிகள் பொதுவாகத் தையல், நெசவு, தச்சு, அச்சு போன்ற கைத்தொழில்களைக் கற்பித்தன. அவை யாவும் ஓரிடத்தில் அமர்ந்து கண்ணாலும் கையாலும் செய்யும் தொழில்கள். சாலை, அக்கல்வியின் எல்லைக்கு வெளியே நின்றது. மரபு இழிவாக நோக்கியது என்றால், கல்வி பாதுகாப்பாக ஒதுக்கி வைத்தது. இரண்டின் விளைவும் ஒன்றே: காது கேளாதவர் சாலைக்குரியவர் அல்லர் என்னும் கருத்து, சட்டம் வருமுன்னரே ஆயத்தமாக இருந்தது.

1914 முதல் 1939 வரை: ஒரு தொடரின் பிறப்பு

மாட்டுவண்டி ஓட்டியவரின் செவியை எவரும் சோதிக்கவில்லை. வண்டியின் வேகம் குறைவு. மாட்டின் செவி ஓட்டுபவர்க்குத் துணை. மோட்டார் வண்டியின் வருகையே ஓட்டுபவரின் உடலை அரசின் ஆய்வுக்குரிய பொருளாக்கியது. 1914ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் ஓட்டுநர் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு மேலும் ஒரு படி சென்று, உரிமம் பெறுவதற்கு முற்றிலும் தடையான நோய்களையும் குறைகளையும் தன் இரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. வலிப்பு, மனநோய், திடீர் மயக்கம் தரும் இதயநோய், பார்வைக்குறை ஆகியவற்றோடு, ‘இயல்பான ஒலிக்குறிப்புகளைக் கேட்க இயலாத அளவு காது கேளாமை’யும் அங்கு இடம்பெற்றது.

இத்தொடர் கூர்ந்து நோக்கத்தக்கது. அதே அட்டவணையில் பார்வைக்கு அளவு உண்டு. இருபத்தைந்து கெஜத் தொலைவில், நல்ல பகல் வெளிச்சத்தில், எழுத்தையும் எண்ணையும் படிக்க வேண்டும். செவிக்கு அத்தகைய அளவு எதுவும் இல்லை. ‘இயல்பான’ ஒலி எது, எவ்வளவு தொலைவில், எவ்வளவு இரைச்சலின் நடுவே என்பவை வரையறுக்கப்படவில்லை. ஒலிப்பான் ஒன்றே ஒருவர் வருகையை மற்றவர்க்கு அறிவிக்கும் தலையாய கருவியாக இருந்த காலத்துச் சாலையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட தொடர் அது. திசைகாட்டும் விளக்கும் பின்புற விளக்கும் பெருமளவில் பரவாத காலம் அது என்பதை நினைவிற்கொண்டால் அத்தொடரின் தோற்றம் விளங்கும். அது தொடர்ந்ததே விளக்கம் வேண்டுவது.

1988, 1989: இலகுரகமும் கனரகமும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் தடை அட்டவணை இதில் அவ்வடிவில் இல்லை. மாறாக, விண்ணப்பதாரரின் நோயோ குறையோ அவர் ஓட்ட விரும்பும் வகை வாகனத்தைப் பொதுமக்களுக்கோ பயணிகளுக்கோ ஆபத்தாக்கக்கூடும் எனத் தோன்றினால் பழகுநர் உரிமத்தை மறுக்க வேண்டும் என்று 8ஆம் பிரிவு கூறியது. குறையை விடுத்து ஆபத்தை அளவுகோலாக்கியது இம்மாற்றம். கோட்பாட்டளவில் இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் சட்டம் விட்டதை விதிகள் காத்தன. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளோடு இணைந்த படிவம் 1அ, மருத்துவரிடம் கேட்கும் வினாக்களுள் ஒன்றில் 1939ஆம் ஆண்டின் தொடரை ஏறத்தாழ அப்படியே மீண்டும் எழுதியது. விண்ணப்பதாரர் தாமே நிரப்பும் படிவம் 1 அதே வினாவை ஒரு விலக்கோடு கேட்டது. இலகுரக வாகனத்துக்கான விண்ணப்பமாயின், செவித்துணைக் கருவியுடன் கேட்டாலும் போதும் என்பதே அவ்விலக்கு.

ஆக, இரண்டு செவிகள் உருவாயின. கார் ஓட்டுபவரின் செவி கருவியின் துணையை ஏற்கும் செவி. லாரி ஓட்டுபவரின் செவி துணையின்றியே கேட்க வேண்டிய செவி. மூக்குக்கண்ணாடி அணிந்து லாரி ஓட்டத் தடையில்லாத ஒரு சட்டமரபில், செவித்துணைக் கருவிக்கு மட்டும் இவ்வேற்றுமை ஏன் என்பதற்கான விளக்கம் படிவத்தில் இல்லை.

இதனோடு மேலும் சில படிகளும் சேர்ந்தன. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு வயது 20 நிறைவடைந்திருக்க வேண்டும்; இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டேனும் ஆகியிருக்க வேண்டும்; மருத்துவச் சான்று கட்டாயம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்னும் விதியும் இருந்து, 2019இல் நீக்கப்பட்டது. பள்ளிக் கல்வி எளிதில் எட்டாத காது கேளாதோர்க்கு அக்கல்வித் தகுதி இரண்டாவது பூட்டாக இருந்தது. அது திறந்தபின் எஞ்சியது முதற்பூட்டே.

டெசிபலும் சொல்லும்: இரு சட்டங்களுக்கிடையே

ஊனமுற்றோர் நலச் சட்டங்கள் செவித்திறனை எண்ணால் அளக்கின்றன. 1995ஆம் ஆண்டுச் சட்டம், நன்றாகக் கேட்கும் காதில் உரையாடல் அலைவரிசையில் 60 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு இருப்பதைச் செவித்திறன் குறை என்றது. 2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பைக் காது கேளாமை என்றும், 60 முதல் 70 வரை உள்ள இழப்பைக் கேட்டல் குறை என்றும் வகுத்தது. சாலைச் சட்டமோ எண் எதனையும் கூறாது ‘இயல்பான ஒலிக்குறிப்பு’ என்ற சொல்லிலேயே நின்றது.

இவ்விரு மொழிகளுக்கும் இடையே சிலர் விழுந்துவிடுகின்றனர். 50 டெசிபல் இழப்புள்ள ஓர் இளைஞரைக் கருதலாம். நலச் சட்டத்தின் கண்ணில் அவர் ஊனமுற்றவர் அல்லர்; ஆதலால் இடஒதுக்கீடோ உதவித்தொகையோ கிட்டாது. உரிமத்துக்காக மருத்துவர் முன் நிற்கும்போதோ, எதிரே உள்ளவரின் பேச்சைச் சரியாகப் பிடிக்க இயலாத அவரை ‘இயல்பான ஒலிக்குறிப்பு’ கேளாதவர் என்று எழுத இடமுண்டு. உதவி பெறும் அளவுக்கு ஊனமில்லை, ஓட்டும் அளவுக்குச் செவியில்லை என்னும் இந்நிலை எந்தச் சட்டத்திலும் நேரடியாக எழுதப்படவில்லை. இரு சட்டங்களைச் சேர்த்துப் படிக்கும்போது மட்டுமே அது புலனாகிறது.

2011 தீர்ப்பும் அதன் எல்லையும்

ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றுறுதி செய்தது. இப்பின்புலத்தில் தேசியக் காது கேளாதோர் சங்கம் தில்லி உயர்நீதிமன்றத்தில் 2009இல் பொதுநல வழக்குத் தொடுத்தது. அப்போதைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு 2011 பிப்ரவரி 14 அன்று தீர்ப்பளித்தது. காது கேளாதவர் என்ற காரணத்தால் விண்ணப்பத்தையே ஏற்க மறுப்பது சட்டத்துக்கு இசைந்ததன்று. அவரைத் தேர்வுக்கு அழைக்க வேண்டும். தேறினால் உரிமம் வழங்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பின் தர்க்கம் எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் காண்பது தேவை. போக்குவரத்துப் பயன்பாடு அல்லாத வாகனங்களுக்கான உரிமத்தில் மருத்துவச் சான்று கட்டாயமன்று என்னும் விதியமைப்பையே நீதிமன்றம் பற்றுக்கோடாகக் கொண்டது. சான்று வேண்டாத இடத்தில் செவியைக் காரணம் காட்டித் தடுக்க வழியில்லை என்பதே வாதம். அவ்வாதம் சொந்த வாகனம் ஓட்டுவோர்க்கு உறுதியான வெற்றி. சான்று கட்டாயமான லாரி ஓட்டுநரிடம் வரும்போது அதே வாதம் வலுவிழக்கிறது.

2016 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வாகனம் ஓட்டுதல் பெரிதும் பார்வை சார்ந்த செயல், அதில் செவியின் பங்கு சிறிது என்னும் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கருத்து அதற்கு அடிப்படையாயிற்று. மருத்துவத் துறையே இவ்வாறு கூறியபின், இலகுரகத்துக்கும் கனரகத்துக்கும் இடையிலான கோடு மருத்துவக் கோடாக இருக்க இயலாது. நிறக்குருட்டுத்தன்மையைப் பொறுத்தவரை 2020 ஜூனில் விதிகள் திருத்தப்பட்டு, இலேசானது, மிதமானது, கடுமையானது என்று தரம் பிரிக்கப்பட்டது. முதலிரு நிலையினர்க்கும் உரிமம் பெற வழி பிறந்தது. அத்தகைய தரப்பிரிப்பைச் செவிக்கும் செய்ய இயலும் என்பதற்கு இது சட்டத்துக்குள்ளேயே உள்ள முன்மாதிரி.

எதிர்பாராத ஒரு வாயில் வேறு திசையிலிருந்து திறந்தது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அது காப்பீட்டு நிறுவனங்கள் தொடர்பான வழக்கு; காது கேளாமை அங்கு பேசுபொருளன்று. எனினும் 2011 தீர்ப்பையும் இதனையும் இணைத்துப் படித்தால், முறைப்படி இலகுரக உரிமம் பெற்ற காது கேளாத ஒருவர், ‘குட்டி யானை’ என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டியைப் பிழைப்புக்கு ஓட்டலாம் என்று வாதிட இடமுண்டு. கோம்பைத் தோட்டத்து வாழைத்தாரைச் சந்தைக்குக் கொண்டு செல்வது அவர்க்கு இயலும். அதே தாரைப் பெரிய லாரியில் மலை கடத்துவது இயலாது.

ஓட்டுநரின் செவி செய்யும் பணி

இவ்வெல்லை நியாயமானதா என்பதை அறிய, லாரியில் செவி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். செவிக்கு வேலை இல்லை என்று கூறுவது தொழிலை அறியாத கூற்று. இயந்திரத்தின் ஒலி மாறுவதைக் கொண்டே கியர் மாற்றும் நேரத்தை ஓட்டுநர் அறிகிறார். தாங்கி தேய்வதும் டயர் வெடிப்பதும் முதலில் ஒலியாகவே வருகின்றன. காற்றுப் பிரேக்கின் கசிவு சீறலாகக் கேட்கிறது. வண்டியைப் பின்னோக்கி எடுக்கையில் கிளீனர் பக்கப்பலகையைத் தட்டித் தரும் குறிப்பே வழிகாட்டி. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் எதிர்வரும் வண்டியை முதலில் அறிவிப்பது ஒலிப்பான். போடிமெட்டுச் சாலையில் அத்தகைய வளைவுகள் 17. பின்னால் வரும் வண்டி முந்த விரும்பினால் அதுவும் ஒலியாலேயே கேட்கிறது. லாரிகளின் பின்புறம் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதியிருப்பது இந்த உரையாடலின் அழைப்பு.

இவை ஒவ்வொன்றுக்கும் கண்ணால் அறியும் மாற்று உண்டா என்பதே அடுத்த வினா. இயந்திரச் சுழற்சியைக் காட்டும் மானியும் காற்றழுத்த மானியும் ஓட்டுநரின் கண்முன்னே உள்ளன. பின்னோக்கு நிழற்படக் கருவி கிளீனரின் தட்டலுக்கு ஈடாகலாம். அவசர ஊர்திக்குச் சுழல்விளக்கு உண்டு. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கே முன்னுரிமை. அவ்விதியைப் பின்பற்றுவதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். இரவில் வளைவுக்கு அப்பாலிருந்து வரும் முகப்பு விளக்கின் ஒளி, ஒலிப்பானுக்கு முன்னரே வருகையை உணர்த்துவதுண்டு. பகல்நேரத்துக் குருட்டு வளைவே உண்மையான இடர். குவியாடிகள் பொருத்துவதால் அங்கே காது கேளாதவர் மட்டுமன்றி யாவரும் பயன்பெறுவர்.

மேலும், கேட்கும் ஓட்டுநர் எவ்வளவு கேட்கிறார் என்பதும் ஆராயத்தக்கது. இயந்திர இரைச்சலும் உரத்த பாட்டும் நிறைந்த ஓட்டுநர் அறையில் வெளியொலி பெரிதும் மங்குகிறது. 2025 அக்டோபர் 1க்குப் பின் உற்பத்தியாகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஓட்டுநர் நலன் நோக்கிய வரவேற்கத்தக்க நடவடிக்கை அது. ஆனால் குளிர்சாதன அறையின் கண்ணாடி மூடியே இருக்கும். வெளியொலியைத் தடுக்கும் அறையைக் கட்டாயமாக்கும் அதே விதித்தொகுப்பு, வெளியொலியைக் கேட்கும் செவியையும் கட்டாயமாக்குகிறது.

தொழில் தரும் காது கேளாமை

இதுவரை கண்டது தொழிலின் வாயிலில் நிற்கும் செவி. தொழிலுக்குள் சென்ற செவிக்கு நேர்வது வேறொரு வரலாறு. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பது செவிக்கு இடர் தொடங்கும் எல்லையாகப் பரவலாக ஏற்கப்பட்டது. நெடுந்தூர லாரி ஓட்டுநரின் பணிநேரம் 8 மணி நேரத்தில் நிற்பதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது; ஆயினும் ஐந்து பேருக்கும் குறைவானோரை வேலைக்கு வைத்திருந்த சிறு உரிமையாளர்கள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை அறிவிக்கத்தக்க நோயாக ஏற்றது. லாரி தொழிற்சாலையன்று; அதனால் அப்பாதுகாப்பு ஓட்டுநரை எட்டவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் முழுமையான காது கேளாமையை நூறு விழுக்காட்டு ஈட்டுந்திறன் இழப்பாக அட்டவணைப்படுத்தியிருந்தது. இரைச்சல் தரும் செவிக்குறையையும் தொழில்சார் நோயாக ஏற்றது. ஆனால் இழப்பீடு கோர வேலை கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். அடிக்கடி உரிமையாளரை மாற்றும் ஓட்டுநர்க்கும், தம் வண்டியைத் தாமே ஓட்டுபவர்க்கும் அவர் யார்?

அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநரின் நிலை வேறு. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு நிறுவன ஊழியரை நீக்கக்கூடாது, ஊதியம் குறையாமல் மாற்றுப் பணி தர வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு வகுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத் தொடர்ந்தது. ஒரே மலைச்சாலையில் பேருந்தும் லாரியும் ஓட்டும் இருவர் ஒரே காலத்தில் செவித்திறனை இழந்தால், ஒருவர்க்கு மேசைப்பணி கிடைக்கும். மற்றவர்க்கு உரிமம் புதுப்பிக்கும் நாளில் மருத்துவரின் ஒரு வரி மட்டுமே கிடைக்கும். அந்த வரிக்கு அஞ்சிக் குறையை மறைத்து ஓட்டுவதே அவர்முன் உள்ள வழி. குறையை மறைக்கத் தூண்டும் விதி சாலையைப் பாதுகாப்பதாகாது. செவித்துணைக் கருவியை வெளிப்படையாக அணிந்து ஓட்டுபவரைவிட, அதைக் கழற்றிவிட்டு மருத்துவர்முன் நிற்பவரே சாலைக்கு ஆபத்தானவர்.

பிற நாட்டு நடைமுறைகள்

அமெரிக்காவில் மாநிலங்களுக்கிடையே வணிக வாகனம் ஓட்டுவோர் ஐந்தடித் தொலைவில் முணுமுணுப்பைக் கேட்க வேண்டும், அல்லது நல்ல காதில் சராசரி இழப்பு 40 டெசிபலுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்பது விதி. செவித்துணைக் கருவியுடன் தேறவும் அவ்விதி இடமளிக்கிறது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு 40 ஓட்டுநர்களுக்கு இவ்விதியிலிருந்து விலக்களித்தது. கடந்தகால ஓட்டுநர் பதிவேட்டை ஆராய்ந்து, குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கி, பின்னர் புதுப்பிக்கும் முறை அங்கு நிலைபெற்றது. பிரிட்டனின் நெறிமுறை இன்னும் எளிது. லாரி ஓட்ட விரும்பும் முழுமையாகக் காது கேளாதவரிடம், நெருக்கடியில் பேச்சாலோ எழுத்துவழிக் கருவியாலோ பிறரோடு தொடர்பு கொள்ள இயலுமா என்பதே முதன்மையாகக் கேட்கப்படுகிறது. 1939ஆம் ஆண்டின் சட்டம் பிறந்த காலனிய மரபின் தாய்நாடே அச்சட்டத்தின் வினாவை மாற்றிக்கொண்டுவிட்டது. கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பும் பழக்கம் மலைத்தோட்டம்வரை பரவிவிட்ட இன்று, அவ்வினாவுக்கு விடையளிப்பது இங்கும் கடினமன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. ‘இயல்பான ஒலிக்குறிப்பு’ என்னும் தொடர் 1939ஆம் ஆண்டுச் சாலையின் தொழில்நுட்பத்துக்கு உரியது. அளவின்றி எழுதப்பட்டு, ஆய்வின்றித் தொடர்ந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தை அளவுகோலாக்கிய பின்னும் படிவங்கள் குறையையே அளவுகோலாக வைத்திருந்தன. 2011ஆம் ஆண்டின் தீர்ப்பு பயணத்தின் உரிமையைத் தந்தது. பிழைப்பின் உரிமை கனரக வாகனத்தின் வாயிலில் நின்றுவிட்டது. செவியைத் தேய்க்கும் தொழில், தேய்ந்த செவிக்குப் பொறுப்பேற்பதில்லை.

கனரக வாகனம் தரக்கூடிய தீங்கின் அளவு பெரிது என்பதை மறுப்பதற்கில்லை. அதனாலேயே ஒரு வரி வினாவைவிடக் கடுமையான, உண்மையான சோதனை தேவைப்படுகிறது. செவித்துணைக் கருவிக்கு மூக்குக்கண்ணாடிக்குரிய தகுதி, டெசிபல் அடிப்படையிலான தரப்பிரிப்பு, மலைப்பாதையில் நேரடி ஓட்டுத்தேர்வு, கண்ணாடிகளும் காட்சி எச்சரிக்கைகளும் பொருத்தப்பட்ட வண்டி, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் மறு ஆய்வு ஆகியன அச்சோதனையின் கூறுகளாகலாம். தேறாதவர்க்கு உரிமம் வேண்டியதில்லை. தேர்வுக்கே அழைக்கப்படாமல் இருப்பதுதான் அநீதி.

கோம்பையிலிருந்து மேற்கே நிமிர்ந்து பார்ப்பவர்க்கு மலை தெரியும். அம்மலையைக் கடந்து வரும் வருவாயாலேயே பள்ளத்தாக்கின் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அம்மலையேறும் சாலையில் ஓட்டத் தகுதியுடையவர் யார் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அச்சாலையில் நடத்தப்படும் தேர்வே. 1939இல் எழுதப்பட்ட ஒரு தொடர் அவ்விடத்தை இனியும் நிரப்ப இயலாது.